கிணற்றை எட்டிப்பார்க்க முடியாத நாட்டில்: கன்டபரியில் தண்ணீரைச் சோதிப்பதும் சபையிடம் கேட்பதும்

மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்காக எங்களிடம் வந்திருந்தாள். வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி இரத்த அழுத்தம் பார்த்தார், வயிற்றை அளந்தார், பிறகு சமையலறைக் குழாயின் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இது கிணற்றுத் தண்ணீரா? நைட்ரேட் எவ்வளவு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நியூசிலாந்தின் தென்தீவில், கன்டபரிப் பகுதியில், ஆஷ்பேர்ட்டன் நகருக்கு வெளியே பத்து ஏக்கர் காணியில், 32 மீற்றர் ஆழக் குழாய்க்கிணற்றோடு ஏழு ஆண்டுகள் வாழ்ந்திருந்தேன். அந்தத் தண்ணீரில்தான் சோறு ஆக்கினேன், தேநீர் ஊற்றினேன். ஒருநாளும் சோதித்ததில்லை.

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் கிணற்றடியில் வளர்ந்தவள். ஆறு ஓடாத குடாநாட்டில் கிணறுதான் எல்லாம். வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்கியதும் கிணற்றை இறைத்துச் சேறு எடுப்பார்கள். எந்த வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர், எது சவர் என்பது ஊருக்கே தெரியும். எட்டிப்பார்த்தால் தண்ணீர் தெரியும், நிறம் மாறினால் அம்மம்மா அன்றே சொல்லிவிடுவார். இங்கே கிணறு என்பது தகரக் கொட்டிலுக்குள் நிற்கும் இரும்புக் குழாய். எட்டிப்பார்க்க வழியில்லை. நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. எங்கள் பள்ளிப் புத்தகத்தில் நைத்திரேற்று என்று படித்தோமே, அதுதான். மிகுந்தால் கைக்குழந்தைக்கு ஆகாது.

மருத்துவிச்சி கேட்ட நாளுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை, கன்டபரிச் சமவெளியில் காணி வாங்கியிருக்கும், அல்லது பால்பண்ணை வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளை பிறக்கவிருக்கும் வீடு என்றால், வாசித்து முடித்த கையோடு முதல் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

யார் எதற்குப் பொறுப்பு

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் "கவுன்சில்" என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு சபைகளை. ஆஷ்பேர்ட்டன், வைமக்கரிரி போன்ற மாவட்ட சபைகள் வீதி, குப்பை, கட்டட அனுமதி, நகரக் குடிநீர் ஆகியவற்றைப் பார்க்கின்றன. ஆறு, நிலத்தடி நீர், காற்று, கடற்கரை, வெள்ளத் தடுப்பு ஆகியவை பிராந்திய சபையின் பொறுப்பு. கன்டபரியில் அதற்கு என்வைரன்மென்ட் கன்டபரி என்று பெயர், பேச்சில் ஈகான். நாடு முழுவதும் இப்படிப் பதினொரு பிராந்திய சபைகள் இருக்கின்றன. ஓக்லாந்து, நெல்சன் போன்ற சில இடங்களில் ஒரே சபை இரண்டு வேலையையும் செய்கிறது. ஊரில் பிரதேச சபை என்று கேட்டுப் பழகிய காதுக்குப் பிராந்திய சபை என்பதும் அதுபோலவே ஒலிக்கும். ஆனால் நம் பிரதேச சபை செய்த வேலைகளை இங்கே பெரும்பாலும் மாவட்ட சபைதான் செய்கிறது. சோலைவரிச் சிட்டையைப் பாருங்கள்: மாவட்ட சபை அனுப்பும் அதே சிட்டையில் பிராந்திய சபையின் பங்கு தனி வரியாக இருக்கும். நீங்கள் இரண்டுக்கும் பணம் கட்டுகிறீர்கள்.

இனி முக்கியமான விடயம். பிராந்திய சபை நிலத்தடி நீரை அளக்கிறது. ஆண்டுதோறும் வசந்தத்தில் சுமார் 300 கிணறுகளில் மாதிரி எடுக்கிறது. உங்கள் கிணறு அந்த 300இல் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மாவட்ட சபை தான் வழங்கும் குழாய்நீரைச் சோதிக்கிறது, உங்கள் கிணற்றை அல்ல. 2021ஆம் ஆண்டின் நீர்ச் சேவைகள் சட்டமும் ஒரே வீட்டுக்கு மட்டும் நீர் தரும் கிணற்றைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. உங்கள் குவளைக்குள் இருக்கும் தண்ணீரை உங்களைத் தவிர யாரும் சோதிப்பதில்லை. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம், பண்ணை வீடென்றால் முதலாளியிடம், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. என் அயலில் ஒரு பண்ணைத் தொழிலாளியின் மனைவி, கைக்குழந்தையோடு இருப்பவள், வேலை போய்விடுமோ என்று பயந்து ஆறு மாதம் கேட்காமல் இருந்தாள். கேட்டபோது முதலாளி அதே வாரம் சோதித்துக் கொடுத்தார்.

மாதிரி எடுக்கும் முறை

இரண்டு சோதனைகள் வேண்டும்: நைட்ரேட், ஈ.கோலி. முதலாவது வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் வருவது. இரண்டாவது மலத்திலிருந்து வரும் கிருமியின் அடையாளம். ஒன்று நன்றாக இருந்தால் மற்றதும் நன்றாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். இரண்டும் வேறு வேறு வழியாகக் கிணற்றுக்குள் வருகின்றன.

அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் ஒன்றுக்கு எழுதினால் போத்தல்களை அனுப்பிவைப்பார்கள். ஈ.கோலிக்கான போத்தல் கிருமி நீக்கப்பட்டது. நம் வீட்டுப் பழக்கத்தில் எந்தப் போத்தலையும் ஒருமுறை அலம்பிவிட்டே நிரப்புவோம். இதை அலம்பக் கூடாது. மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. மூடியைக் கீழே வைக்கவும் கூடாது, கையிலேயே பிடித்திருங்கள்.

எங்கே எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கிணற்றைப் பற்றி அறிய வேண்டுமானால் வடிகட்டிக்கும் சேமிப்புத் தாங்கிக்கும் முன்னால், பம்புக்கு மிக அருகிலுள்ள குழாயில் எடுங்கள். நீங்கள் குடிப்பதைப் பற்றி அறிய வேண்டுமானால் சமையலறைக் குழாயில் எடுங்கள். முதல் தடவை இரண்டிலும் எடுத்துவிடுவது நல்லது. குழாய் வாயில் வலை இருந்தால் கழற்றுங்கள். வாயை அற்ககோல் துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு பிடியுங்கள். குழாயில் தேங்கி நின்ற நீரைச் சோதித்துப் பயனில்லை.

போத்தலைப் பனிக்கட்டிப் பொதியோடு குளிர்பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். அதனால் திங்கள் முதல் புதன் வரையான நாளொன்றில் எடுங்கள். வெள்ளிக்கிழமை எடுத்தால் வார இறுதியில் எங்கேயோ தங்கிவிடும்.

எப்போது எடுப்பது? குளிர்கால மழை மண்ணில் தங்கிய நைதரசனைக் கீழே கழுவி இறக்குவதால், பெரும்பாலான இடங்களில் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் நைட்ரேட் ஏறும். இங்கே கோடையான பெப்ரவரியில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து. முதல் ஆண்டில் பருவத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை எடுங்கள். கிணற்றின் போக்கு பிடிபட்ட பின் ஆண்டுக்கு ஒருமுறை, செப்டெம்பர் அல்லது ஒக்டோபரில். வெள்ளம் வந்தால் நாள் பார்க்காமல் உடனே எடுங்கள்.

நைட்ரேட்டை மட்டும் அறிய இன்னோர் எளிய வழி, ஊர் மண்டபங்களில் அவ்வப்போது நடக்கும் இலவசச் சோதனை நாட்கள். சிறு போத்தலில் தண்ணீர் கொண்டுபோனால் கருவியில் வைத்து அங்கேயே சொல்லிவிடுவார்கள். முதல் எச்சரிக்கைக்கு அது போதும். எல்லையை நெருங்கிய அளவு வந்தால் ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்துங்கள்.

எண்ணை வாசிப்பது

என் முதல் அறிக்கையில் 8.6 என்று வந்தது. யாழ்ப்பாணத்திலிருக்கும் அண்ணாவிடம் தொலைபேசியில் சொன்னேன். செம்மண் பூமியில் வெங்காயமும் புகையிலையும் பயிரிட்டு, இறைப்பும் பசளையுமாக வாழ்ந்தவர். கிணற்றில் நைத்திரேற்று ஏறிய கதை அவருக்குப் புதிதல்ல. "50 வரை பரவாயில்லை தங்கச்சி, 8 என்பது ஒன்றுமே இல்லை" என்றார். நானும் இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

அண்ணா சொன்ன 50 சரியானதுதான். நான் சொன்ன 8.6உம் சரியானது. ஆனால் இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல. இலங்கையில் நைட்ரேட் முழுவதையும் நிறுத்து லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்கிறார்கள். நியூசிலாந்து ஆய்வுகூடங்களும் சபைகளும் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் நைதரசனை மட்டும் நிறுக்கின்றன. அந்த அளவுகோலில் குடிநீரின் உச்ச எல்லை லீற்றருக்கு 11.3 மில்லிகிராம். நைதரசன் கணக்கை 4.43ஆல் பெருக்கினால் நைட்ரேட் கணக்கு வரும். என் 8.6 ஊர்க் கணக்கில் 38. எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறேன் என்று நினைத்தேன், உண்மையில் முக்கால்வாசித் தூரம் போயிருந்தேன். கடையில் வாங்கும் தாள்பட்டைச் சோதனையிலும் இதே குழப்பம் வரும். எண்ணைப் பார்க்கும் முன், அது நைட்ரேட்டா, நைட்ரேட்-நைதரசனா என்று பாருங்கள். அந்தச் சொல்லை வட்டமிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் காட்டுங்கள்.

11.3 என்ற எல்லை யாருக்காக வைக்கப்பட்டது என்பதையும் அறிய வேண்டும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையை எண்ணி வைத்தது அது. நைட்ரேட் மிகுந்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கிறது, உடல் நீலம் பாரிக்கிறது. பெரியவர்களுக்கு நெடுங்காலத்தில் என்ன செய்கிறது என்பதில் அறிவியலாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 2018இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்று, எல்லையைவிட மிகக் குறைந்த அளவிலேயே பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்பைக் கண்டது. அதை ஏற்போரும் மறுப்போரும் இருக்கிறார்கள். நான் மருத்துவர் அல்ல. என் வீட்டில் வைத்துக்கொண்ட விதி இதுதான்: எல்லையின் பாதியான 5.65ஐத் தாண்டினால் கர்ப்பிணியும் குழந்தையும் இருக்கும் வீட்டில் அடிக்கடி சோதிக்க வேண்டும், மருத்துவிச்சியிடம் எண்ணைச் சொல்ல வேண்டும். 11.3ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குழந்தையின் போத்தலுக்குள் போகக் கூடாது.

ஈ.கோலிக்கு இப்படிக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கொதிக்கவைத்தால் போகுமா

போகாது. நம் வீடுகளில் தண்ணீர் சரியில்லை என்றால் கை தானாகக் கேத்தலுக்குப் போகும். ஈ.கோலிக்கு அது சரியான மருந்து. நைட்ரேட்டுக்கு அது எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது: தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கும், அடர்த்தி கூடும். குழந்தைக்கு என்று அக்கறையோடு நெடுநேரம் கொதிக்கவைக்கும் தாய்க்கு இதை யாராவது சொல்ல வேண்டும். கரி அடைத்த குவளை வடிகட்டியும் நைட்ரேட்டை எடுக்காது.

எடுப்பவை இரண்டு: எதிர்ச் சவ்வூடு (ரிவேர்ஸ் ஒஸ்மோசிஸ்) முறையில் இயங்கும் வடிகட்டி, அயன் மாற்று முறை. நாங்கள் முதலாவதைச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே பூட்டினோம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அது போதும், குளிப்பதற்கு வேண்டாம். பூட்டிய பின் அந்தக் குழாயிலும் மாதிரி எடுத்துச் சோதியுங்கள். சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் வடிகட்டி இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும்தான் மிஞ்சும். வசதி இல்லாதவர்கள் நகரத்திலுள்ள நண்பர் வீட்டுக் குழாயிலிருந்து குழந்தைக்கு மட்டும் நீர் கொண்டுவரலாம், அதற்கு முன் அந்த நகர நீரின் நைட்ரேட் அளவை மாவட்ட சபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மழைநீர்த் தாங்கியில் நைட்ரேட் பிரச்சினை இராது, ஆனால் கூரையில் பறவைகள் எச்சமிடுவதால் கிருமி இருக்கும். அதைக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

கிணற்றுத் தலை

ஒரு சனிக்கிழமை காலை டோர்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போங்கள். இரும்புக் குழாய் நிலமட்டத்துக்கு மேலே நிற்கிறதா? அதைச் சுற்றிச் சீமெந்துத் தளம் வெடிப்பில்லாமல் இருக்கிறதா? மின்கம்பி நுழையும் துளை அடைக்கப்பட்டிருக்கிறதா? பின்னோக்கி நீர் பாயாமல் தடுக்கும் அடைப்பிதழ் இருக்கிறதா? களைகொல்லியும் பெற்றோலும் அதே கொட்டிலில் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். ஆட்டையும் மாட்டையும் எட்டத் தள்ளி வேலி போடுங்கள். மலக்குழி எங்கே இருக்கிறது, நீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று கவனியுங்கள்.

இது அற்பமான வேலையாகத் தோன்றினால் ஹவ்லொக் நோர்த்தை நினைத்துப் பாருங்கள். வடதீவில் ஹோக்ஸ் பே பகுதியில் ஏறத்தாழ 14,000 பேர் வாழும் ஊர். 2016 ஓகஸ்டில் பெருமழைக்குப் பிறகு, ஆட்டுப் புழுக்கை கலந்த நீர் அருகிலிருந்த குட்டை வழியாக நிலத்தடிக்கு இறங்கி, ஊருக்கு நீர் தந்த கிணற்றுக்குள் போய்விட்டது. 5,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு மரணங்கள் அதோடு தொடர்புபடுத்தப்பட்டன. அடுத்து நடந்த அரச விசாரணை, மாவட்ட சபையும் பிராந்திய சபையும் தத்தம் கடமையில் தவறியதையும், இரண்டுக்கும் இடையில் ஒத்துழைப்பு இல்லாததையும் விரிவாகப் பதிவு செய்தது. குடிநீருக்கெனத் தனி ஒழுங்காற்று நிறுவனமாகத் தௌமாட்டா அரொவாய் உருவானதற்கு அந்த விசாரணையே தொடக்கம். இரண்டு சபைகள் கவனிக்க வேண்டிய கிணற்றிலேயே அது நடந்தது. உங்கள் கிணற்றை நீங்கள் ஒருவர்தான் கவனிக்கிறீர்கள்.

சபை அளந்து வைத்திருப்பதை எடுப்பது

கன்டபரி மேப்ஸ் என்ற இணைய வரைபடத்தில் உங்கள் முகவரியைத் தேடி, கிணறுகளின் அடுக்கைத் திறவுங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் எண் உண்டு: வரைபடத் தாளின் எண், பிறகு ஒரு கோடு, பிறகு கிணற்றின் எண். அதைத் தொட்டால் ஆழம், தோண்டிய காலம், துளையிட்டவர் எழுதிய மண்ணடுக்குக் குறிப்பு எல்லாம் வரும். எங்கள் கிணற்றில் எத்தனை மீற்றருக்குச் சரளைக்கல், எங்கே களி என்று வாசித்தபோது, முதல் முறையாகக் கிணற்றை எட்டிப்பார்த்ததுபோல இருந்தது. கன்டபரிச் சமவெளி மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சரளை. தண்ணீர் சுலபமாக இறங்கும். நல்லதும் இறங்கும், கெட்டதும் இறங்கும். ஆழம் குறைந்த கிணறுகளில் பொதுவாக நைட்ரேட் அதிகம்.

அருகிலுள்ள கண்காணிப்புக் கிணறுகளின் பழைய அளவுகளையும் பாருங்கள். ஓர் ஆண்டின் எண்ணை வைத்து எதையும் சொல்லாதீர்கள். பத்தாண்டுப் போக்குத்தான் கதையைச் சொல்லும். இன்று உங்கள் குழாயில் வருவது பல ஆண்டுகளுக்கு முன் மேலே நடந்ததன் விளைவாக இருக்கலாம். அதனால் அடுத்த காணிக்காரரை நோக்கிக் கைநீட்டுமுன் பொறுங்கள். ஒரு மாடு ஓரிடத்தில் பெய்யும் மூத்திரத்திலுள்ள நைதரசன் முழுவதையும் அந்த இடத்துப் புல்லால் உறிஞ்ச முடியாது. மிஞ்சியது மழையோடு இறங்குகிறது. அப்படி ஆயிரக்கணக்கான மாடுகள், முப்பது ஆண்டுகள். பல பண்ணைக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அதே கிணற்று நீரையே கொடுக்கிறார்கள். 2021 ஜூலையிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 190 கிலோவுக்கு மேல் செயற்கை நைதரசன் போடக் கூடாது என்ற உச்சவரம்பும் நடைமுறைக்கு வந்தது. எனக்கு அது போதவில்லை. ஆனால் அதை அயலவரோடு வேலியடியில் தீர்க்க முடியாது, சபையில்தான் பேச வேண்டும்.

ஆற்றில் குளிக்கப் போகிறவர்களுக்கு லாவா என்ற இணையத்தளம் போதும். கோடைகாலத்தில் வாராவாரம் அளந்து போடுகிறார்கள். நன்னீரில் 100 மில்லிலீற்றருக்கு ஈ.கோலி 260 வரை பச்சை, 550ஐத் தாண்டினால் சிவப்பு. மழை பெய்து இரண்டு நாள் வரை இறங்காதீர்கள். ஆற்றங்கரைக் கல்லில் கபிலமோ கறுப்போ நிறத்தில் பாய்போலப் படர்ந்து, பூஞ்சணம் மணக்கும் பாசியைக் கண்டால் பிள்ளைகளையும் நாயையும் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள். அது நஞ்சு.

எழுத்தில் கேட்பது

இணையத்தில் இல்லாததைக் கேட்டு வாங்கலாம். இலங்கையில் தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. இங்கே உள்ளூராட்சி உத்தியோகபூர்வத் தகவல், கூட்டங்கள் சட்டம் 1987இலேயே இருக்கிறது. யாரும் கேட்கலாம். குடியுரிமை வேண்டாம், வேலை விசாவில் இருப்பவரும் கேட்கலாம். படிவம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு மின்னஞ்சல் போதும். இயன்றவரை விரைவாக, 20 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

ஆனால் கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும். "எங்கள் பகுதித் தண்ணீர் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் கேள்வியைச் சுருக்கச் சொல்லித் திரும்பி வரும். நான் எழுதியது ஏறத்தாழ இப்படி: "இந்த முகவரியிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்குள் உள்ள கண்காணிப்புக் கிணறுகளில் 2010 முதல் பதிவான நைட்ரேட்-நைதரசன் அளவுகள், ஒவ்வொன்றின் திகதி, கிணற்றின் ஆழம் ஆகியவற்றை விரிதாளாகத் தாருங்கள்." பண்ணைகளுக்கும் நீர்ப்பாசனத்துக்கும் கொடுத்த வள அனுமதிகளுக்கு, அதாவது நீரையும் நிலத்தையும் பயன்படுத்தப் பிராந்திய சபை கொடுக்கும் அனுமதிகளுக்கு, சி.ஆர்.சி. என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண்ணைக் குறிப்பிட்டு, நிபந்தனைகளும் அவை பின்பற்றப்பட்டனவா என்று அதிகாரிகள் பார்த்த அறிக்கைகளும் வேண்டும் என்று கேட்கலாம்.

அனுப்பிய திகதியை நாட்காட்டியில் குறியுங்கள். வேறொரு விடயத்துக்காக நான் எழுதிய ஓர் அலுவலகத்திலிருந்து 20 நாள் கடந்தும் பதில் வரவில்லை. இரண்டு வரியில் நினைவூட்டினேன், அரச அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடும் உரிமை எனக்கு உண்டு என்பதையும் பணிவாகச் சேர்த்தேன். நான்காம் நாள் கோப்பு வந்தது. ஒம்புட்ஸ்மனிடம் முறையிடக் கட்டணம் இல்லை.

சபைக்குப் போய்ப் பேசுவது

சபை பத்தாண்டுத் திட்டம் ஒன்றை எழுதி, அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆண்டுத் திட்டம். பத்தாண்டுத் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது ஒரு மாதம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்தில் கொடுக்கும் கருத்தில் "நேரில் பேச விரும்புகிறீர்களா" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆம் என்று குறியிடுங்கள். பெரும்பாலோர் குறியிடுவதில்லை.

எனக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். நைட்ரேட் பற்றிய பொதுவான கவலையை மற்றவர்கள் சொல்வார்கள் என்று தெரியும். நான் ஒன்றை மட்டும் கேட்டேன்: இலவசச் சோதனை நாட்களைச் சனிக்கிழமையிலும் வையுங்கள். பால் கறப்பவர்கள் காலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். வார நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு மண்டபத்துக்கு எப்படி வருவார்கள்? என் மூன்று அறிக்கைகளின் பிரதிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். மகளைப் பற்றியும், அண்ணா சொன்ன 50ஐப் பற்றியும் சொன்னேன். உறுப்பினர்கள் இருவர் கேள்வி கேட்டார்கள், ஒருவர் அளவுகோல் குழப்பத்தைக் குறித்துக்கொண்டார். ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுமாறியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தாளைப் பார்த்து வாசிக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள், அதற்கு உங்கள் வீட்டிலிருந்து ஒரு சான்று. இந்த இரண்டும் இருந்தால் ஐந்து நிமிடம் தாராளம்.

கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. நிகழ்ச்சி நிரல் இரண்டு வேலை நாட்களுக்கு முன் வெளிவந்துவிடும். 2025 செப்டெம்பரில் கன்டபரி பிராந்திய சபை நைட்ரேட் அவசரநிலை என்று தீர்மானம் நிறைவேற்றியதும் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான்.

தேர்தலையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை, ஒக்டோபரில், தபாலில் வரும் வாக்குச்சீட்டு. வதிவிட விசாவோடு இந்த நாட்டில் ஓராண்டு வாழ்ந்தவர் குடியுரிமை இல்லாமலே பதிவு செய்து வாக்களிக்கலாம். நம் வீடுகளில் மேயர் பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டு மீதியை வெறுமையாக அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மீதியில்தான் பிராந்திய சபையும் இருக்கிறது. கன்டபரியில் மக்கள் தேர்ந்தெடுத்த பிராந்திய சபை உறுப்பினர்களை 2010இல் அரசு நீக்கி, ஆணையாளர்களை அமர்த்தியது. முழுச் சபையையும் மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தது 2019இல்தான். நாடு முழுவதும் பிராந்திய சபை உறுப்பினர்களுக்குப் பதிலாக மேயர்கள் அடங்கிய குழுக்களை அமைக்கும் யோசனையை 2025 நவம்பரில் அரசு வெளியிட்டது. இருக்கிற உரிமையை இருக்கும்போதே பயன்படுத்துங்கள்.

ஒரு கொப்பி

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. திகதி, முந்தின வாரத்து மழை, எந்தக் குழாய், நைட்ரேட்-நைதரசன், ஈ.கோலி, ஏதாவது மாற்றியிருந்தால் அது. வடிகட்டிக்கு முன் 8.6, 7.9, 6.8, 9.4. வடிகட்டிக்குப் பின் எல்லாம் ஒன்றுக்குக் கீழே. மருமகனும் எழுதப் பழகிவிட்டார். பேரன் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டான், குழாயடியில்தான் அவனுக்கு விளையாட்டு. அயல் வீடுகள் மூன்று தங்கள் எண்களையும் எனக்குச் சொல்கின்றன. அதே கொப்பியில் ஆளுக்கொரு பக்கம்.

ஆய்வுகூடத்துக்குப் போத்தல் கேட்டு ஓகஸ்டிலேயே எழுதிவிடுங்கள். வசந்த மழை பெய்ததும் எல்லோரும் கேட்பார்கள், வந்துசேர ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும்.